மூன்றரை மணி மேடு

பிப்ரவரி 5, திங்கள்

முதலில் பிள்ளைகளைப் பற்றி எழுதிவிடுகிறேன். மூத்த பேரன் சங்கரகுமார் மஸ்கட்டில் கட்டட இன்ஜினியர். அவன் கட்டிய ஆஸ்பத்திரியில் லிப்ட் மட்டும் எட்டு. அவன் தம்பி மந்திரமூர்த்தி பாங்கு மேனேஜர். போன வருஷக் கேடயம் அவன் கிளைக்குத்தான். மகள் வயிற்றுப் பேத்தி பவானி பல் டாக்டர். தென்காசியில் போர்டு மாட்டியிருக்கிறாள், அதில் அவள் பெயர் அவள் வீட்டுக்காரர் பெயரைவிடப் பெரிய எழுத்து. கடைக்குட்டி கேரம் விளையாட்டில் மாநிலத்தில் மூன்றாவது. இரண்டாவது வரவேண்டியவன், அன்றைக்குக் காய்ச்சல்.

இனி ஆவுடைச்செல்வி. சின்ன மகனின் மகள். பெண்கள் இன்ஜினியரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறாள், விடுதிக்கு உதவி வார்டன். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, அதைவிடப் பெரியது. ஏழு வருஷமாகப் படிக்கிறாள். நம் வீட்டில் இது ஒன்றுதான் இன்னும் முடியவில்லை.

நேற்று மதியம் வந்து சேர்ந்தேன். திருநெல்வேலிக்குத் தெற்கே நான்கு வழிச் சாலையை ஒட்டிக் கல்லூரி. விடுதியின் கீழ்த்தளத்தில் ஆவுடைக்கு இரண்டு அறை. “அவ நேரத்துக்குச் சாப்பிடுததே இல்லம்மா, போயி ஒரு மாசம் இருங்க” என்று மகன் அனுப்பிவைத்தான். கூடவே ஒரு விஷயமும் சொல்லி அனுப்பியிருக்கிறான். அதை நேரம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்த டைரி ஆவுடை கொடுத்தது. “பொழுது போகலன்னா எழுதுங்க ஆச்சி” என்றாள். ஐந்தாம் வகுப்பில் கையெழுத்துக்கு எனக்கு எப்போதும் முதல் மார்க். ஆறாம் வகுப்பு எங்கள் ஊரில் இல்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

காலையில் இட்லி. இரண்டு தின்றுவிட்டு எழுந்தாள். உட்கார வைத்து மூன்றாவதைக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

“எதைத்தாம்ட்டி அளக்குத இத்தன வருசமா?”

“டிராபிக், ஆச்சி.”

“ரோட்டுலயா?”

“கம்பியில.”

பிறகு விளக்கினாள். இந்த விடுதியில் நூற்று எழுபத்திரண்டு பிள்ளைகள். எல்லார் போனும் கம்ப்யூட்டரும் கடைசியில் ஒரே கம்பிக்கு வந்து, மாடிப்படிக்குக் கீழே பூட்டியிருக்கும் அறையில் ஒரு பெட்டிக்குள் போகிறது. பிள்ளைகள் எதை அனுப்பினாலும் எதைப் பார்த்தாலும் அது துண்டுதுண்டாக நறுக்கப்பட்டுத்தான் கம்பியில் ஓடும். விநாடிக்கு எத்தனை துண்டு என்று பெட்டி எண்ணுகிறது. அதை வைத்து ஒரு கோடு.

அப்புறம் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் விடுதி கட்டியிருக்கிறாள். அதிலும் நூற்று எழுபத்திரண்டு பொய்ப் பிள்ளைகள். எப்போது எழும், எப்போது படம் பார்க்கும், எப்போது படிக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். பொய் விடுதியும் ஒரு கோடு போடும்.

“ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துச்சுன்னா நான் டாக்டர்.”

“படுக்கலன்னா?”

தட்டைக் கழுவப் போய்விட்டாள். இரண்டு முறை தவணை வாங்கியாயிற்றாம். மார்ச் 11 கடைசி நாள். அன்றைக்குள் ஆய்வேட்டை எழுதிக் கொடுக்காவிட்டால் பெயரையே எடுத்துவிடுவார்கள், ஏழு வருஷமும் போச்சு. நேற்று முதல் பதினைந்து வேலை நாள் அளக்கிறாள், 23ஆம் தேதி வரைக்கும்.

“நான் அளக்கது யாருக்கும் தெரியக் கூடாது ஆச்சி. தெரிஞ்சா பிள்ளைங்க நல்ல பிள்ளைங்களா நடிக்க ஆரம்பிச்சிரும்.”

என் வாயிலிருந்து வராது என்றேன்.

பிப்ரவரி 7, புதன்

மெஸ்ஸில் சமையல் பார்க்கும் ஜெபமணியோடு பழக்கமாயிற்று. நாசரேத்துக்காரி. நல்ல கைப்பக்குவம், நல்ல வாய். இன்று சாயங்காலப் பலகாரத்துக்குச் சுசியம் போட்டிருந்தாள். நூற்று எழுபத்திரண்டு பேருக்குப் போட்டதில் இருபது பேர்கூட வரவில்லை. மிச்சத்தை வாளியில் கொட்டினாள்.

“கூப்பிட்டியா?” என்றேன்.

“போர்டுல எழுதிப் போட்டிருக்கே ஆச்சி.”

“போர்டு கூப்பிடுமா?”

பிப்ரவரி 8, வியாழன்

மூன்று மணிக்குப் புறப்பட்டு அறை அறையாகப் போனேன். கதவைத் தட்டி, பெயரைக் கேட்டு, “இன்னிக்கு உளுந்தவடை, கட்டாயம் வரணும்” என்று சொன்னேன். சின்ன மகன் கல்யாணத்துக்கு இப்படித்தான் இருநூறு வீடு ஏறி இறங்கினேன். மூன்று மாடியில் இரண்டு முடிந்தது. எண்பது பேர் சாப்பிட வந்தார்கள். முப்பிடாதி என்று ஒரு பெண், 214ஆம் அறை, “ஆச்சி, எங்க ரூமுக்கு யாரும் வந்து கூப்பிட்டதே இல்ல” என்று சொல்லி ஆறு வடை தின்றாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

முழங்கால்.

பிப்ரவரி 12, திங்கள்

ஜெபமணி ஒரு வழி சொன்னாள். விடுதிக்குள் மட்டும் ஓடுகிற ஆப் ஒன்று இருக்கிறது, பிள்ளைகளே செய்தது. வெளி உலகத்துக்கு அதில் எதுவும் போகாது. என் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தாள். வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயில் குதிப்பதை அப்படியே படம் எடுத்தோம், இரண்டு நிமிஷப் படம்.

“இந்தா, ‘எல்லாருக்கும்’னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க. ஒரு அமுக்கு, முடிஞ்சுது.”

“ஊருக்கே மைக்குல சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருவியா நீ? ஒவ்வொருத்தர் பேரயும் சொல்லாம அது என்ன அழைப்பு?”

“நூத்தி எழுபத்திரண்டு பேரு ஆச்சி!”

“எனக்கு வேற என்ன சோலி?”

மூன்றேகாலுக்கு ஆரம்பித்தேன். ஒவ்வொரு பெயராகத் தொட்டு, படத்தை வைத்து, கீழே “முப்பிடாதி, பஜ்ஜி, வா” என்று எழுதி அனுப்பினேன். நாலேகாலுக்குக் கடைசிப் பெயர். கட்டைவிரல் மரத்துவிட்டது. 96 பேர் வந்தார்கள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

இலைக்கொழுக்கட்டை. மூன்றேகால் முதல் நாலேகால் வரை. 172 அழைப்பு, 118 பேர்.

பிப்ரவரி 14, புதன்

ஆமவடை. 131 பேர். பந்தி போட இடமில்லை. ஜெபமணி கரண்டியோடு ஆடினாள்.

ஆவுடை முகம் சரியில்லை. மதிய சாப்பாட்டை நாலரை மணிக்குச் சாப்பிட்டாள். முதல் வாரம் பொய் விடுதியும் மெய் விடுதியும் அழகாக ஒட்டிப் போனதாம். இந்த வாரம் சாயங்காலம் மெய்க் கோடு திடீரென்று மேடாக எழும்புகிறதாம்.

“மூணு மணிக்கு வகுப்பு முடிஞ்சு வந்து, மூன்றரைக்கெல்லாம் பிள்ளைங்க தூங்கிரும் ஆச்சி. அந்த நேரம் கம்பி காத்து வாங்கணும். இப்பப் பாத்தா ஊரே கலியாணத்துக்குப் போற மாதிரி ஓடுது.”

“எவளோ ஒருத்தி சினிமா பாக்கா” என்றேன். “கண்டுபிடிச்சு நாலு சாத்து சாத்து.”

பிப்ரவரி 16, வெள்ளி

பணியாரம், 140 பேர். கருப்பட்டி கொஞ்சம் தூக்கல், அதுவும் நல்லதுக்குத்தான்.

ஆவுடை பெட்டியைத் திறந்து, கழற்றி, ஊதி, மறுபடி மாட்டினாள். மேடு அப்படியே இருக்கிறது. அவளுடைய கைடு சற்குணம் சார் போனில் பேசியது எனக்கே கேட்டது. “காரணம் தெரியாத மேட்ட வச்சுக்கிட்டு ஆய்வேடு குடுக்க முடியாதும்மா.” இவள் சரி சார், சரி சார் என்று பதினோரு முறை சொன்னாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

சாயங்காலப் பலகாரம் இன்றைக்குக் கிடையாது. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். மகன் போன் போட்டு, “சொல்லிட்டியளாம்மா?” என்றான். அவளுக்கு வேலை என்றேன்.

பிப்ரவரி 19, திங்கள்

கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. கீழ்த்தளத்துப் பிள்ளைகள் ஐம்பத்தெட்டுப் பேருக்கு மட்டும் அனுப்பினேன், மூன்றரைக்கே முடிந்துவிட்டது. மேல்மாடிக்காரிகள் படியில் மறித்து, “எங்கள மட்டும் ஒதுக்கிட்டியளே” என்று சண்டைக்கு வந்தார்கள். சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 20, செவ்வாய்

இன்று ஆவுடை ஒரு நீளத் தாளை மேசையில் விரித்து எனக்குக் காட்டினாள். கேட்க வேறு ஆள் இல்லாமல்தான் என்னிடம் சொல்கிறாள் என்று தெரிகிறது.

“இது போன வாரம் ஆச்சி. திங்க, செவ்வா, புதன், மேடு. எல்லாம் மூணேகாலுக்குத் தொடங்கி நாலேகாலுக்கு முடியுது, அலாரம் வச்ச மாதிரி. ஞாயித்துக்கெழம இல்ல. நேத்து மட்டும் சின்ன மேடு, மூன்றரைக்கே விழுந்துட்டு. எந்தப் பிள்ள இப்படிக் கணக்காப் படம் பாக்கும்?”

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றேகால். நாலேகால். நேற்று மூன்றரை.

“என்ன ஆச்சி, தாளயே பாக்கிய?”

“மோர் கொண்டாரேன்” என்று எழுந்து போய்விட்டேன்.

அவள் அளந்தது பிள்ளைகளை. நான் பிள்ளை இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 21, புதன்

தலைவலி. யாருக்கும் அனுப்பவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

14 பேர் வந்தார்கள். ஜெபமணி வாளியை என் காலடியில் வைத்தாள். “என்ன ஆச்சி, ஆட்சி மாறிட்டா?” என்றாள். முப்பிடாதி எட்டிப்பார்த்து, “கோவமா ஆச்சி?” என்றாள். இல்லை என்றேன்.

மேடு போய்விட்டது. நல்லது என்றுதானே நினைப்போம்? ஆவுடை முன்னைவிட அதிகம் பயந்துவிட்டாள். வந்ததற்கும் காரணம் தெரியவில்லை, போனதற்கும் தெரியவில்லையாம்.

பிப்ரவரி 23, வெள்ளி

சற்குணம் சார் நேரிலேயே வந்தார். நல்ல மனுஷன்தான், காபியைக் குடித்துவிட்டுத் தம்ளரைத் தானே உள்ளே கொண்டுவந்து வைத்தார். ஆனால் சொன்னது வேறு. “தானா வந்து தானாப் போற மேடு அளவு ஆகாதும்மா. மெஷின் கோளாறு. பதினஞ்சு நாளையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா அளங்க.”

நான் விரல் விட்டுப் பார்த்தேன். திங்கட்கிழமை தொடங்கினால் பதினைந்து வேலை நாள் மார்ச் 15இல் முடியும். கடைசி நாள் 11.

அவர் போனபிறகு ஆவுடை அழவில்லை. துணி மடித்தாள். ஒரே சேலையை நான்கு முறை மடித்தாள்.

மகனிடம் போனில் சொன்னேன். “முடியலன்னா விட்டுரட்டும்மா, நல்லதாப் போச்சு. அடுத்த மாசம் பதினஞ்சாந்தேதி மாப்பிள்ள வீட்டுலேருந்து அவளப் பாக்க வாராக. வேலைய விட்டுட்டு வீட்டுக்கு வரச் சொல்லுங்க. இப்ப உங்க பேச்சக் கேப்பா” என்றான்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மகன் சொல்லி அனுப்பியது தானாகவே நடந்துவிடும். மாப்பிள்ளை வீடும் நல்ல வீடுதான். இந்த வரியை எழுதிவிட்டு அடிக்கப் பார்த்தேன். அடிக்க வரவில்லை.

பிப்ரவரி 24, சனி

காலையில் காபி கொண்டுபோனேன். மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சிப் பதிவை நானே ரத்து செய்துகொள்கிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு. பாதி எழுதியாயிற்று. இந்த டைரியை அந்தக் கடிதத்தின்மேல் வைத்தேன்.

“படி.”

“என்ன ஆச்சி, இப்பயா?”

“பன்னெண்டாந்தேதியிலேருந்து படி.”

நின்றபடி படித்தாள். பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி முன்னால் போனாள். காபி ஆடை கட்டிவிட்டது.

“ஒரு ஆளுக்கு ஒரு வாட்டி... அதே படத்த... நூத்தி எழுபத்திரண்டு வாட்டியா?”

“ஆமா.”

“எல்லாருக்கும்னு ஒரு பட்டன் இருக்கே ஆச்சி!”

“இருக்கு. ஜெபமணியும் சொன்னா.”

“அத அமுக்கியிருந்தா கம்பியில ஒரு வாட்டிதான் ஏறியிருக்கும்! நீங்க ஒவ்வொரு வாட்டியும் முழுப் படத்தயும் மேல ஏத்தி, அங்கேருந்து கீழ எறக்கி... நூத்தி எழுபத்திரண்டு லாரிய ஒத்தையடிப் பாதையில விட்டிருக்கிய!”

“ஒன் அப்பன் கல்யாணத்துக்கு இருநூறு வீடு நடந்தேன்...”

“ஏழு வருசம் ஆச்சி!” என்று கத்தினாள். இந்தக் குரலை நான் அவளிடம் கேட்டதே இல்லை. “எனக்குப் பைத்தியம் பிடிச்சிட்டுன்னு நெனச்சேன்! ஒங்களுக்குச் செவ்வாக்கெழமயே தெரிஞ்சிருக்கு! ஏன் சொல்லல?”

இதற்குப் பதில் டைரியில் நேற்றைய பக்கத்தில் இருக்கிறது. அவள் அதையும் படித்தாள். மாப்பிள்ளை, பதினைந்தாம் தேதி, எல்லாம். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். எழுபத்து மூன்று வயதில் ஒரு பேத்தி முன்னால் இப்படி நிற்கும்படி ஆயிற்று.

அப்புறம் வேறு குரலில் கேட்டாள்.

“பத்தொம்பதாந்தேதி எத்தன பேருக்கு?”

“அம்பத்தெட்டு. கீழ்த்தளம் மட்டும்.”

தாளை உருவிச் சின்ன மேட்டின்மேல் ஸ்கேலை வைத்தாள். “மூணுல ஒரு பங்கு” என்றாள். “பதிமூணாந்தேதி?”

“முழுசும். நூத்தி எழுபத்திரண்டு.”

“ஒரு பேருக்கு எவ்வளவு நேரம் எடுத்திய?”

“கண்ணாடி போட்டிருந்தா இருபது விநாடி. முப்பிடாதி பேரு நீளம், அதுக்குக் கூட.”

சிரித்துவிட்டாள். சிரித்ததும் கோபம் மறுபடி வந்துவிட்டது, அதைத் தட்டிலே காட்டினாள். ஆனால் நாலு இட்லி தின்றாள். பாதி எழுதிய கடிதத்தில் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

பிப்ரவரி 26, திங்கள்

பொய் விடுதிக்குள் இப்போது நூற்று எழுபத்துமூன்று பேர். ஆவுடை உள்ளே ஒரு ஆச்சியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அந்த ஆச்சி மூன்றேகாலுக்கு எழும்பி, இருபது விநாடிக்கு ஒரு பெயராக அனுப்புவாளாம். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருப்பாளாம். “முழங்கால் வலி உண்டா அவளுக்கு?” என்றேன். அதெல்லாம் தேவையில்லையாம்.

போன இரண்டு வாரக் கோடுகளோடு வைத்துப் பார்த்தாள். பெரிய மேடு, சின்ன மேடு, மேடே இல்லாத நாள், மூன்றும் ஒட்டின. ஆனால் நடந்துமுடிந்ததோடு ஒட்டினால் போதாது என்கிறார் சற்குணம் சார். இனி நடக்கப்போவதை முதலிலேயே கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, அப்புறம் அளந்து காட்ட வேண்டுமாம். இரண்டு நாள் போதும் என்றார். ஒரு நாள் தனித்தனி அழைப்பு, ஒரு நாள் பொது அழைப்பு.

“பொது அழைப்பா? நானா?”

“ஒரே ஒரு நாள் ஆச்சி. எனக்காக.”

பிப்ரவரி 27, செவ்வாய்

தனித்தனி. சுசியம். 172 அழைப்பு, 138 பேர். “மன்னிச்சிட்டியளா ஆச்சி?” என்று பிள்ளைகள் கேட்டன. யார் யாரை மன்னிப்பது! ஆவுடை காலையிலேயே சற்குணம் சாருக்கு அனுப்பிவைத்த கோட்டின்மேல் மெய்க் கோடு பாய் விரித்த மாதிரிப் படுத்தது.

பிப்ரவரி 28, புதன்

பொது. அதே சுசியம், அதே படம். ‘எல்லாருக்கும்’ பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்கினேன். மூன்றேகாலுக்கு ஆரம்பித்து மூன்றேகாலுக்கே முடிந்துவிட்டது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

11 பேர் வந்தார்கள்.

ஆவுடை கீழே ஓடிவந்தாள். “மேடே இல்ல ஆச்சி! சொன்ன மாதிரியே! கம்பி காலி!” என்று என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள்.

“பந்தியும்தான்” என்று ஜெபமணி வாளியைத் தூக்கினாள்.

ஆவுடை காலியான பெஞ்சுகளைப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பதினோரு பேரோடு உட்கார்ந்து இரண்டு சுசியம் தின்றாள். சுசியம் என்றால் அவளுக்குச் சின்னதிலிருந்தே ஆகாது.

பிப்ரவரி 29, வியாழன்

தனித்தனி. இனி எப்போதும் தனித்தனிதான். படத்தை மட்டும் சின்னதாக்கி அனுப்பச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், கம்பிக்கு வலிக்காதாம்.

மார்ச் 4, திங்கள்

மகனுக்கு நானே போன் போட்டேன். பதினைந்தாம் தேதி யாரையும் வரச் சொல்லாதே என்றேன். “நீங்க அவகிட்ட சொன்னியளா இல்லியா?” என்றான். “எழுதிக் காட்டினேன், படிச்சா” என்றேன். “என்ன சொன்னா?” “நாலு இட்லி தின்னா.” போனை வைத்துவிட்டான். இரண்டு நாளில் சரியாகிவிடுவான், அவன் அப்பாவும் இப்படித்தான்.

மார்ச் 7, வியாழன்

இன்று ஆய்வுக் குழுக் கூட்டம். மூன்று பெரியவர்கள். ஆவுடை நீலச் சேலை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், கதவு சரியாகச் சாத்தவில்லை.

ஒருவர் கேட்டார், “இந்த ஒத்த ஆளு, மொத்த விடுதியையும் மேட்டுல ஏத்துனவரு, இவர் யாரு?”

“விடுதியில தங்கியிருந்த ஒரு விருந்தினர் சார்” என்றாள் ஆவுடை.

சற்குணம் சார் இருமினார். இருமல் இல்லை அது.

ஒன்றேகால் மணி நேரம். வெளியே வந்ததும் என் தோளில் தலையை வைத்து, “குடுக்கலாம்னு சொல்லிட்டாக ஆச்சி” என்றாள். கொஞ்சம் அழுதாள். எட்டு லிப்ட் கட்டிய பேரன்கூட என் தோளில் இப்படிச் சாய்ந்தது கிடையாது.

விருந்தினர் என்று போடுவதற்குப் பதில் உலகம்மாள் என்று என் பெயரையே போட்டிருக்கலாம். சொல்லவில்லை.

மார்ச் 11, திங்கள்

காலை பத்து ஐம்பதுக்கு ஆவுடையின் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிக்கொண்டார்கள். தலையணை கனம் இருக்கிறது. முத்திரை குத்தின ரசீதை நான்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். இன்னும் வாய்மொழித் தேர்வு ஒன்று இருக்கிறதாம், ஐந்தாறு மாதம் ஆகுமாம். அதெல்லாம் ஆகட்டும்.

ஆவுடை, இந்த டைரியை இப்போதெல்லாம் நீயே எடுத்துப் படிக்கிறாய் என்று தெரியும், அதனால் இங்கேயே எழுதுகிறேன். கல்லூரியின் இணையப் பக்கத்தில் ஆசிரியர்கள் வரிசையில் இருக்கிற உன் படத்தை இன்று ஜெபமணி போனில் காட்டினாள். வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்தது போலிருக்கிறது. கேள்வித்தாளை வாங்கிவிட்டு ஒன்றும் தெரியாமல் விழிக்கிற முகம். அது இப்போது நீ இல்லை. அந்த நீலச் சேலையைக் கட்டிக்கொள், தலையை ஒழுங்காகச் சீவு, பூ நான் தொடுத்துத் தருகிறேன். வெளிச்சம் இருக்கும்போதே வாசலில் நின்று ஒரு படம் எடுத்து, பழையதைத் தூக்கிவிட்டு, இன்றைக்கே புதுப் படத்தைப் போடு.